இரவு 10.30க்கு நின்ற கரண்ட்: மசாய் மாராவில் மூன்று இரவுகள்

கென்யாவில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் செகெனானி வாயிலுக்கு வெளியே ஒரு கூடார முகாம், 2024 ஆகஸ்ட், இரவு 10.30. சாயங்காலத்திலிருந்து தூரத்தில் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் கூடாரத்தில் எல்இடி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அடடா, என்ன அமைதி என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து வெளியே டார்ச் வெளிச்சம். இரவுக் காவலரோடு என் நண்பர் நிற்கிறார். "டேய், அப்பா மெஷின் நின்னுபோச்சு, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துட்டாரு, கொஞ்சம் வா."

என் அப்பாவுக்கு வயது 68. தூங்கும்போது மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும் ஸ்லீப் அப்னியா பிரச்சனை அவருக்கு ஆறு வருடமாக உண்டு. இரவு முழுக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் இயந்திரத்தோடுதான் தூக்கம். அது நின்றால் உடனே உயிருக்கு ஆபத்து என்று இல்லை. ஆனால் முகமூடியைக் கட்டியபடி, காற்று வராமல், அரைத்தூக்கத்தில் விழித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அன்றிரவு இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, ஒருக்களித்துப் பாதி உட்கார்ந்த மாதிரியே தூங்கினார். தூங்கினார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரண்ட் விஷயத்தில் நாங்கள் ரொம்பத் தயாராகப் போன ஆட்கள். அதனால்தான் எங்கே தவறினோம் என்று விவரமாக எழுதி வைக்கிறேன்.

என்னென்ன கொண்டுபோனோம்

நான், மனைவி, அப்பா, கல்லூரிக் கால நண்பர் என நான்கு பேர். நைரோபியில் ஒரு இரவு, அம்போசெலியில் இரண்டு, நைவாஷாவில் ஒன்று, மாராவில் மூன்று. நான்கு போன், ஒரு லேப்டாப், இரண்டு கேமரா, அப்பாவின் இயந்திரம். என் கேமராவுக்கு நான்கு பேட்டரி, நண்பருடையதற்கு மூன்று, ஆளுக்கு ஒரு சார்ஜர்.

பிளக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் போகிற எல்லாரும் கேட்பது இதைத்தான், இதுதான் உள்ளதிலேயே சுலபமானது. கென்யாவில் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230. வோல்டேஜ் மாற்றும் கன்வர்ட்டர் எதுவும் நமக்குத் தேவையில்லை. இணையத்தில் கிடைக்கும் பாதி அறிவுரை 120 வோல்ட் அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதியது, அதைப் படித்துவிட்டு டிரான்ஸ்பார்மர் வாங்கிச் சுமக்க வேண்டாம். துளைதான் வேறு. அங்கே பிரிட்டிஷ் பாணி, மூன்று தட்டையான செவ்வகப் பின், டைப் ஜி என்பார்கள். நம் ஊர் உருண்டைப் பின் அதில் இறங்காது. அந்த சாக்கெட்டில் எர்த் துளைக்குள் நீளமான பின் போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். பேனா மூடியை எர்த் துளையில் விட்டு நெம்பி இரண்டு பின் சார்ஜரைச் செருகும் வித்தையை ஹோட்டல் ஊழியரே செய்து காட்டுவார். பின் லூசாக நிற்கும், சூடேறும், எனக்குப் பிடிக்காது.

நாங்கள் சென்னை ரிச்சி தெருவில் மூன்று அடாப்டர் வாங்கினோம், கூடவே வீட்டில் இருந்த நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் பெட்டியில் போட்டோம். சுவரில் ஒரே ஒரு அடாப்டர், அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அப்புறம் எல்லாம் நம் ஊர் பிளக். பயணத்தில் செய்த புத்திசாலித்தனம் இது ஒன்றுதான். கனமான சார்ஜரை அடாப்டரில் நேராகத் தொங்கவிட்டால் அது பாரத்தில் தளர்ந்து கீழே இறங்கிவிடும், காலையில் பார்த்தால் பேட்டரி ராத்திரி இருந்த அதே 12 சதவீதத்தில் இருக்கும்.

பவர் பேங்க் மூன்று. போர்டிங் ஏறும் முன்பே அது இரண்டாகிவிட்டது, அந்தக் கதை பின்னால் வரும். மிச்சம் இருந்த இரண்டும் 20,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதற்கான அளவு). ஒன்று பழையது, உள்ளே 10 வாட் மட்டும்தான் வாங்கும். இன்னொன்று 65 வாட் புதுசு. இந்த வித்தியாசம் மாராவில் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

முதல் நான்கு இரவு கொடுத்த தைரியம்

நைரோபி ஹோட்டலில் எல்லாம் ஒழுங்கு. அம்போசெலி விடுதியிலும் இரவு முழுக்க சாக்கெட்டில் கரண்ட் இருந்தது. அங்கே எங்களைப் படுத்தியது தூசி. ஏரி வறண்டுபோன தரையிலிருந்து மாவு மாதிரி கிளம்பும் உப்புத் தூசி, கேமரா பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கலாம் என்றால் கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. நாங்கள் வீட்டிலிருந்து மஞ்சப்பைதான் எடுத்துப்போயிருந்தோம். கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், ஏதோ ஒரு ஜவுளிக்கடை முகவரி போட்ட மஞ்சப்பைக்குள் கையை விட்டு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு ஒரு பை தனக்கும் வேண்டும் என்றார், கொடுத்தோம்.

நைவாஷாவில் ஒரு முரண் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே ஓல்காரியா. 1981 முதல் பூமியின் சூட்டிலிருந்து நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். ஹெல்ஸ் கேட் பூங்கா வழியாகப் போனால் நீராவிக் குழாய்கள் மலை மேலே வளைந்து வளைந்து போவது தெரியும், நாட்டின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி இந்தப் பூமிச் சூட்டிலிருந்துதான். அங்கிருந்து அரைநாள் பயணம்தான் மாரா. அந்த வயர் எங்கள் முகாம் வரை வரவில்லை. மாராவில் நிறைய கூடார முகாம்கள் இப்படித்தான், சோலார் தகடும் பேட்டரியும் ஜெனரேட்டரும் வைத்துத் தாங்களே கரண்ட் எடுத்துக்கொள்கின்றன.

முகாம் பதிவு செய்யும்போது நான் கேட்காமல் இல்லை. கரண்ட் உண்டா என்று கேட்டேன். "24 மணி நேர மின்சாரம்" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

எங்கே சறுக்கியது

மறுநாள் விடியற்காலை மேலாளரிடம் போய்க் கேட்டபோது அவர் ஒன்றும் மறைக்கவில்லை. சொன்னதும் பொய் இல்லை. கூடாரத்து விளக்குகள் சோலார் பேட்டரியில் ஓடும் தனி லைன், அது 24 மணி நேரமும் உண்டு. சுவர் சாக்கெட் எல்லாம் ஜெனரேட்டர் லைன். ஜெனரேட்டர் காலை 5 முதல் 7, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 10.30. விளக்கு எரிந்ததால்தான் கரண்ட் போனதே எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டு பதினைந்து வருடத்துக்கு முன் கரண்ட் கட்டில் ஊறி வளர்ந்தவன் நான், இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், மிக்ஸி ஓடாது என்ற விஷயம் என் வீட்டிலேயே உண்டு. அதே ஏற்பாடுதான் காட்டுக்குள்ளும் இருக்கும் என்று ஏன் தோன்றவில்லையோ.

ஓட்டுநர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி "ஸ்டிமா இமெபோதெயா" என்றார். கரண்ட் போச்சு என்று அர்த்தமாம், கென்யாவில் பேச்சு வழக்கில் கரண்டுக்கு ஸ்டிமா என்றே பெயர். அப்பாவை அவர் "ம்ஸே" என்று கூப்பிடுவார், பெரியவரே என்பது மாதிரி. அன்று காலை ம்ஸேவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

சரி, இப்போது கணக்கு. முகாமில் உட்கார்ந்து பேப்பரில் போட்டேன், கிளம்பும் முன்பே வீட்டில் போட்டிருக்க வேண்டியது. சிபாப் இயந்திரத்தின் சார்ஜர் பெட்டியில் 24 வோல்ட், 90 வாட் என்று எழுதியிருக்கும், பார்த்தால் பயமாக இருக்கும். அந்த 90 வாட் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதத் தொட்டிக்கும் சூடேறும் குழாய்க்கும்தான் போகிறது. தொட்டியைக் கழற்றிவிட்டு வெறும் காற்றை மட்டும் தள்ளினால் சராசரி 10 வாட்கூட வராது. ஒரு இரவுக்கு 70 வாட் ஹவர் என்று வையுங்கள் (ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகிற கரண்ட் ஒரு வாட் ஹவர்). ஊருக்கு வந்தபிறகு வாட் மீட்டரில் போட்டு அளந்தேன், கிட்டத்தட்ட அதுதான் வந்தது. தொட்டியோடு ஓட்டினால் நான்கு மடங்கு.

கேமரா பேட்டரி ஒன்று 16 வாட் ஹவர், ஏழு பேட்டரிக்கு 112. நான்கு போன், தினமும் முழுசாகத் தீராது, 60 என்று வைத்தேன். லேப்டாப் படங்களை நகல் எடுக்க மட்டும், 50. எல்லாம் கூட்டினால் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 300 வாட் ஹவருக்குப் பக்கத்தில் வருகிறது. 1500 வாட் மின்கெட்டிலை 12 நிமிடம் போட்டால் ஆகிற கரண்ட் அது. ஒரு பாத்திரம் டீ!

ஆக, முகாமில் மின்சாரம் குறைவு என்பது எங்கள் பிரச்சனையே இல்லை. சாக்கெட்டில் கரண்ட் இருக்கும் நேரமும் நாங்கள் கூடாரத்தில் இருக்கும் நேரமும் ஒன்றாக வரவில்லை, பிரச்சனை அங்கேதான்.

ஏன் வரவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு டிக்கெட் இருக்கிறது. மசாய் மாரா நுழைவுக் கட்டணம் 2024இல் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்குத் தலைக்கு 200 டாலர். அந்த டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே, 12 மணி நேரம். வாயிலுக்கு வெளியே தங்குகிறவன் 200 டாலர் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முகாமுக்குத் திரும்புவானா? பெட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு விடியற்காலை 5.45க்குக் கிளம்பி இருட்டும்போதுதான் திரும்புவோம். மதியம் 12 முதல் 3 வரை ஜெனரேட்டர் ஓடுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. காலை லைனில் முக்கால் மணி, மாலை லைனில் நான்கு மணி, இவ்வளவுதான் கையில்.

கேமரா சார்ஜர் ஒரு பேட்டரியை நிரப்ப இரண்டரை மணி நேரம் எடுக்கும். ஏழு பேட்டரி, இரண்டு சார்ஜர், பதினேழரை மணி நேர வேலையை இரண்டாகப் பிரித்தாலும் எட்டே முக்கால் மணி. கையில் இருப்பது ஐந்துக்கும் குறைவு. பழைய பவர் பேங்க் இன்னும் மோசம். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் ஹவர், 10 வாட் வீதம் உள்ளே வாங்கினால் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், கையில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் பாதிகூட நிரம்பாது. 65 வாட்காரன் இரண்டு இரண்டரை மணியில் நிரம்பி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். கடையில் எல்லாரும் எம்ஏஎச்சைப் பார்த்து வாங்குகிறோம், பவர் பேங்க் எவ்வளவு வேகமாக உள்ளே வாங்கும் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

பவர் பேங்கிலிருந்து அப்பாவின் இயந்திரத்தை நேராக ஓட்ட முடியாதா என்று அந்த முதல் இரவே பார்த்தோம். 65 வாட் பேங்க் அதிகபட்சம் 20 வோல்ட் தரும், இயந்திரம் கேட்பது 24. முனையும் வேறு. கார் பேட்டரியின் 12 வோல்ட்டை 24 ஆக்கித் தரும் கேபிளை இயந்திரம் தயாரிப்பவர்களே விற்கிறார்கள், சில ஆயிரம் ரூபாய் என்று பார்த்துவிட்டு, "24 மணி நேர மின்சாரம்தான் இருக்கே" என்று வாங்காமல் விட்டது நான்தான்.

இரண்டாவது இரவு: வாட் என்ற ஒரு வார்த்தை

மேலாளரிடம் முதலில் நான் கேட்டது தப்பான கேள்வி. "ராத்திரி முழுக்க எங்கள் கூடாரத்துக்கு மட்டும் கரண்ட் தர முடியுமா?" முடியாது என்றார், தன்மையாகத்தான். ஒரு கூடாரத்துக்காக ஜெனரேட்டர் ஓடாது. சமையலறை ஃப்ரிட்ஜ், வயர்லெஸ், அலுவலகம் இவற்றுக்கு மட்டும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இரவு முழுக்க உண்டு, ஆனால் அதில் விருந்தினர்களைச் சேர்ப்பதில்லை. ஹேர் டிரையர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி என்று யாராவது செருகி இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கி, ஃப்ரிட்ஜில் இருக்கும் இறைச்சி கெட்டுப்போன அனுபவம் அவருக்கு இருக்கிறது.

நண்பர் எலெக்ட்ரிகல் படித்தவர். அவர் குறுக்கே வந்து, "இது 10 வாட்தான், ரூம் பல்புகள் இரண்டு எரிகிற மாதிரி" என்றார், சார்ஜர் பெட்டியில் எழுதியிருந்த 90ஐயும் மறைக்காமல் காட்டி, அது தண்ணீர் சூடாக்க, அதைக் கழற்றிவிட்டோம் என்று விளக்கினார். மேலாளர் முகம் மாறியது. அவ்வளவுதானா? அலுவலகத்தை ஒட்டிய முதல் கூடாரம் இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்கிறது, வழக்கமாக ஓட்டுநர்களுக்கு ஒதுக்குவது, அப்பாவும் நண்பரும் அங்கே மாறிக்கொள்ளலாம் என்றார். கொஞ்சம் சின்னக் கூடாரம், வாசலில் இருந்து ஆற்றோரம் தெரியாது. அப்பாவுக்கு ஆற்றோரம் எதற்கு. அன்றிரவு அவர் விட்ட குறட்டை, இல்லை, விடாத குறட்டை, எங்களுக்கெல்லாம் நிம்மதி. தொட்டி இல்லாமல் ஓட்டியதில் காலையில் மூக்கு வறண்டு போயிருந்தது, அவ்வளவே.

சாப்பாட்டுக் கூடாரத்தில் பொது சார்ஜிங் மேஜை ஒன்று உண்டு, அதுவும் அந்த இன்வெர்ட்டர் லைன்தான், இரவு முழுக்க ஒரு பேட்டரி சார்ஜர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினோம். அங்கே பத்துப் பேருடைய சார்ஜர், எல்லாம் ஒரே கறுப்பு. நான் மார்க்கரால் எங்கள் சாமான் எல்லாவற்றிலும் பெரிதாக "அ" என்று எழுதினேன். ஒரு ஜெர்மன் பெண்மணி அது என்ன சின்னம் என்று கேட்டார். தமிழ் நெடுங்கணக்கின் முதல் எழுத்து என்றேன், தன் சார்ஜரிலும் ஒன்று போட்டுத்தரச் சொன்னார். போட்டுக் கொடுத்திருந்தால் மறுபடி குழப்பம்தான், அவருக்கு "ஆ" போட்டேன்.

வண்டியில் சார்ஜ் போடுவது பற்றி

வண்டியில் இன்வெர்ட்டர் இருக்கும் என்று பயண விவரத்தில் போட்டிருந்தது, இருந்தது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 150 வாட் குட்டி. முதல் நாள் லேப்டாப்பும் இரண்டு கேமரா சார்ஜரும் நண்பரின் போனும் ஒன்றாகப் போட்டதில் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. இரண்டு கேமரா சார்ஜர் மட்டும் போட்டால் பேசாமல் ஓடும்.

ஆனால் இதிலும் அந்த நேரப் பிரச்சனை உண்டு. சிங்கம் பக்கத்தில் நின்றால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிடுவார், அணைக்கத்தான் வேண்டும், சத்தமும் புகையும் மற்ற வண்டிக்காரர்களுக்கும் விலங்குக்கும் தொந்தரவு. இன்ஜின் நின்றதும் இன்வெர்ட்டரையும் அணைப்பார். வண்டி பேட்டரி இறங்கி, சிங்கக் கூட்டத்துக்கு நடுவே இறங்கித் தள்ளச் சொன்னால் யார் தள்ளுவது? 12 மணி நேரத்தில் வண்டி நிஜமாக ஓடியது ஆறு ஏழு மணி நேரம், ஒரு சார்ஜருக்கு இரண்டு பேட்டரி, சில நாள் இரண்டரை.

மூன்றாம் நாள் மாரா ஆற்றங்கரையில் காத்திருந்தோம், வில்டபீஸ்ட் (பார்க்க மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடக்கும் என்று. மூன்று மணி நேரம், இன்ஜின் அணைந்தபடி. கூட்டம் தண்ணீர் வரை வரும், முதல் மாடு முகர்ந்து பார்க்கும், திரும்பிவிடும். கையில் முழுசாக ஒரே ஒரு பேட்டரி. எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கத்தை அன்றுதான் விட்டேன். வைஃபை, ஜிபிஎஸ், எடுத்ததும் திரையில் காட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்தேன். கடைசியில் கடந்தபோது எனக்கு 300 படத்துக்கு மேல் கிடைத்தது, பேட்டரி சிவப்பில் வந்து நின்றது.

நண்பர் அதே இடத்தில் நிம்மதியாக இருந்தார். அவர் கேமரா புது மாடல், டைப் சி வழியாக உள்ளேயே சார்ஜ் ஏறும். ஆனால் சாதா பவர் பேங்கில் செருகினால் ஒன்றும் நடக்காது, பிடி என்று சொல்லும் பவர் டெலிவரி உள்ள பேங்க் வேண்டும். அது முந்தின நாள்தான் தெரிந்தது. பழைய 10 வாட் பேங்கில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, கேமரா ரிப்பேர் என்றே முடிவு கட்டிவிட்டார். 65 வாட் பேங்கில் மாற்றிப் போட்டதும் பச்சை விளக்கு. கேமராவை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற நேரத்தில் கால் பேட்டரி ஏற்றிவிடுவார்.

போன் விஷயம் சின்னது. காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் இரண்டு நாள் தாங்குகிறது. ஆகஸ்டு மாத மாராவில் விடியற்காலை நல்ல குளிர், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதுபோல் காட்டும், சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

விமானத்தில் பறிபோன மூன்றாவது பவர் பேங்க்

இது முகாமுக்கும் முன்னால் நடந்தது, ஆனால் முகாமில்தான் வலித்தது. நண்பரிடம் 30,000 எம்ஏஎச் பேங்க் இருந்தது. லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் வாட் ஹவர் கணக்கு. 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160க்கு மேல் பயணிக்குக் கிடையாது. செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் எந்த அளவிலும் கூடாது. எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் வாட் ஹவர் வரும். 20,000க்கு 74. 27,000க்குக் கிட்டத்தட்ட 100. 30,000க்கு 111.

அவர் அதைப் பெட்டியில் போட்டிருந்தார். சென்னையில் பெட்டி ஸ்கேன் ஆகும்போது கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். கையில் எடுத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனைக்குப் போனால் அங்கே 111, அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். கவுண்டரில் முன்பே கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், அந்த இடத்தில் நின்று ஒன்றும் செய்ய முடியாது. விட்டுவிட்டு வந்தோம். அப்பாவின் இயந்திரத்துக்கு மட்டும் டாக்டர் கடிதம் வாங்கிவைத்திருந்தோம், அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முகாம்களுக்கு வசதியாக இருக்குமே என்று 300 வாட் ஹவர் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்க நினைப்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது விமானத்தில் ஏறாது.

எங்கள் பயணத்துக்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று எரிந்தது, பவர் பேங்கிலிருந்து தீ கிளம்பியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸில் ஆளுக்கு ஒரே ஒரு பவர் பேங்க், 100 வாட் ஹவருக்குள், அளவு மேலே எழுதியிருக்க வேண்டும், பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது. நம் ஊரிலிருந்து ஆப்பிரிக்கா போகிறவர்கள் நிறையப் பேர் வளைகுடா வழியாகத்தான் போகிறோம். ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் அது வேகமாக உள்ளே வாங்குகிற, பிடி உள்ள, 20,000 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலாக இருக்கட்டும். அச்சு அழிந்துபோன பழைய பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது முகாமுக்கு என்ன எழுதுகிறோம்

போன மாதம் நண்பரின் அக்கா குடும்பம் மாரா போவதற்காக, முகாமுக்கு அனுப்பும் கடிதத்தை நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். கரண்ட் உண்டா என்று அதில் கேட்கவே இல்லை. படுக்கைக்குப் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில், விளக்கில் இல்லை, சாக்கெட்டில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கரண்ட் வரும் என்று கேட்டோம். இரவு முழுக்க ஓடுகிற இன்வெர்ட்டர் லைன் எந்தக் கூடாரத்துக்கு, எந்த மேஜைக்கு வருகிறது, நாள் முழுக்க வெளியே இருப்பவர்கள் பேட்டரியை ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போனால் மதிய ஜெனரேட்டரில் போட்டு வைப்பார்களா என்றும். இந்தக் கடைசி வழி எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தோன்றியது, கேட்டதும் சரி என்றார்கள், முதல் நாளே கேட்டிருந்தால் பேட்டரிப் பஞ்சமே வந்திருக்காது. கூடவே எங்கள் சாமான்கள் எத்தனை வாட் என்று மொத்தமாக ஒரு வரி. பதில் மறுநாளே வந்தது, சாக்கெட் நேரம் தனியாக, விளக்கு நேரம் தனியாக.

அந்த 12 வோல்ட் கேபிளை இப்போது வாங்கிவிட்டோம். அப்பா அதை நம்பவில்லை. மொட்டை மாடியில் பழைய கார் பேட்டரி ஒன்றை வைத்து, அதில் மாட்டி, ஒரு இரவு அங்கேயே பாயைப் போட்டுத் தூங்கிப் பார்த்தார். காலையில் இறங்கி வந்து, பேட்டரி தாங்குகிறது, கொசுதான் தாங்கவில்லை என்றார்.

அடுத்து தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் போகலாம் என்று நண்பர் ஆரம்பித்திருக்கிறார். அங்கே பல இடங்களில் இருப்பது பெரிய உருண்டை மூன்று பின், டைப் எம், நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் அதே 16 ஆம்ப் பிளக். அதற்கு அடாப்டர் தேடி அலைய வேண்டாம் என்று, தெருமுனை எலெக்ட்ரிகல் கடையில் 16 ஆம்ப் பிளக் டாப் ஒன்று வாங்கி, எங்கள் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரை வெட்டி அவரே மாட்டிவிட்டார். பாக்ஸில் அந்த "அ" இன்னும் அழியவில்லை.